உணவுக் கப்புகளை வெட்டிப் பிரிக்கும் இயந்திரத்தை அமைப்பதும் பராமரிப்பதும்

பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருளிலிருந்து இழுத்துச் சூடாக்கி, கப்பாக வடித்து, உணவை நிரப்பி, மேலே மூடித்தாளை ஒட்டி, இறுதியில் தனித்தனிக் கப்பாகவோ நான்கு, ஆறு என்று சேர்ந்த தொகுப்பாகவோ வெட்டித் தள்ளும் தொடர் இயந்திரங்களில், வெட்டும் நிலையம் கடைசியில் இருக்கிறது. கடைசியில் இருப்பதாலேயே அதற்கு முன் நடந்த கோளாறுகள் எல்லாம் அங்கேதான் கண்ணில் படுகின்றன. வெட்டு ஒரு பக்கமாக விலகினால் கத்தி நகர்ந்துவிட்டது என்றும், விளிம்பில் பிசிறு தெரிந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்றும் முடிவு கட்டிவிட்டுத் திருகுச் சாவியைக் கையில் எடுப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. உண்மையான காரணமோ பெரும்பாலும் ஷீட்டின் வெப்பத்திலும், அதை இழுத்துவரும் சங்கிலியிலும், மூடித்தாளின் இழுவிசையிலும் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஷீட்டிலிருந்து தொடங்கிக் கத்திக்கு வருகிறது. இயந்திரத்தின் முன் நிற்பவரும் அதே வரிசையில் பார்ப்பது நல்லது.

வெட்டும் முறைகள்

கப்பை வெட்டுவதற்கு மூன்று முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. முதலாவது, பஞ்ச் என்ற குத்தும் கருவியும் டை என்ற துளையுள்ள தட்டும் கொண்டு கத்தரிப்பது. கப்பின் வெளி உருவத்துக்கு ஏற்பச் செதுக்கிய பஞ்ச், அதே உருவத்தில் துளையுள்ள டைக்குள் இறங்கும்போது, இரண்டின் விளிம்புகளுக்கும் நடுவே சிக்கும் ஷீட் கத்தரிக்கோலில் நடப்பதுபோல அறுபடுகிறது. இரண்டாவது, கூரான எஃகுப் பட்டையை ஒரு கடினமான தட்டின்மீது அழுத்தி நசுக்கி வெட்டுவது. இதில் கருவியின் விலை குறைவு, உருவத்தை மாற்றுவதும் எளிது. ஆனால் பட்டையின் முனை தட்டில் மோதி மோதி விரைவில் மழுங்கும், ஆழத்தைச் சிறிது கூட்டினாலே தட்டில் பள்ளம் விழும். மூன்றாவது, நேர்கோட்டு வெட்டு: குறுக்கே ஒரு நீளக் கத்தி இறங்க, நெடுக்கே சுழலும் வட்டக் கத்திகள் ஷீட்டை வரிவரியாகப் பிரிக்கின்றன. மெல்லிய, வளையும் ஷீட்டுக்கு இது பொருந்தும். விறைப்பான ஷீட்டில், மூலைகள் வளைந்திருக்க வேண்டிய கப்புக்கு, இது மட்டும் போதாது. மூலைகளை முன்கூட்டியே தனிப் பஞ்ச் கொண்டு கொத்தி எடுக்க வேண்டும்.

நாள் முழுவதும் ஒரே உருவக் கப்பை ஓட்டும் ஆலைக்குப் பஞ்சும் டையும்தான் சரியான தேர்வு என்பது என் கருத்து. தொடக்கச் செலவு அதிகம் என்றாலும், வெட்டின் தரம் ஒரே சீராக இருக்கும். பல முறை சாணை பிடித்துப் பயன்படுத்தவும் முடியும். அடிக்கடி உருவத்தை மாற்றுபவர்களுக்கும், குறைந்த அளவில் உற்பத்தி செய்பவர்களுக்கும் மற்ற இரண்டு முறைகள் கைகொடுக்கும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வெட்டுவிசையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வெட்டுக்கோட்டின் மொத்த நீளம், ஷீட்டின் தடிமன், பொருளின் கத்தரிப்பு வலிமை ஆகிய மூன்றையும் பெருக்கினால் விசை கிடைக்கும். 75 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரக் கப்பின் சுற்றளவு 300 மி.மீ.; ஷீட்டின் தடிமன் 1 மி.மீ., கத்தரிப்பு வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று கொண்டால், ஒரு கப்புக்கு 9,000 நியூட்டன் தேவை. ஒரே அடியில், அதாவது பஞ்ச் ஒருமுறை இறங்கி ஏறுவதில், 12 கப்புகள் வெட்டப்பட்டால் அது 1,08,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 11 டன் எடையின் விசை. இந்த அடி முழுவதும் ஒரே கணத்தில் விழாமல் இருக்கத்தான் பஞ்சுகளைச் சிறிது உயர வேறுபாட்டோடு அமைக்கிறார்கள், அல்லது வெட்டும் முகத்துக்கு ஒரு மெல்லிய சரிவு கொடுக்கிறார்கள். சாணைக்குப் போய் வந்த பஞ்சுகளில் இந்த உயர வேறுபாடு அழிந்துபோயிருந்தால் இயந்திரத்தின் சத்தமே மாறிவிடும். பழகிய ஆபரேட்டர் அதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பொருளுக்கேற்ற அணுகுமுறை

பாலிஸ்டைரீன், பாலிபுரொப்பிலீன், பெட் (PET) ஆகிய மூன்று பிளாஸ்டிக் வகைகளும் கத்திக்கு முன் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. பாலிஸ்டைரீன் நொறுங்கும் தன்மை கொண்டது. கத்தி கொஞ்ச தூரம் இறங்கியதும் மீதி தானாகப் பிளந்துகொள்கிறது. கோடு கிழித்து ஒடித்துப் பிரிக்கும் தொகுப்புக் கப்புகளுக்கு அது நீண்டகாலமாக விரும்பப்படுவதும் இதனால்தான். பாலிபுரொப்பிலீன் இழுபடும் தன்மை கொண்டது. அது பிளக்காமல் நீள்வதால், கத்தி கடைசி இழைவரை அறுக்க வேண்டியிருக்கிறது. மழுங்கிய கத்தியாக இருந்தால் தலைமுடி போன்ற நூல்கள் விளிம்பில் தொங்கும். பெட் கடினமானது, கத்தியை விரைவில் தேய்ப்பது, வெட்டும்போது பொடி உதிர்ப்பது. பாலிஸ்டைரீனுக்குப் பல மாதம் தாங்கிய கத்தி பெட்டுக்கும் அவ்வளவு நாள் தாங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

சுருக்கம் இன்னொரு முக்கியமான வேறுபாடு. வடித்துக் குளிரும்போது பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 விழுக்காடு வரை சுருங்குகிறது. பாலிபுரொப்பிலீன் 1 முதல் 2 விழுக்காடும் அதற்கு மேலும் சுருங்கும். ஒரு அடிக்கு 300 மி.மீ. நகரும் இயந்திரத்தில் 0.5 விழுக்காடு என்றால் 1.5 மி.மீ.; 1.5 விழுக்காடு என்றால் 4.5 மி.மீ. இந்த 3 மி.மீ. வேறுபாடு கப்பின் விளிம்பு அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே பாலிஸ்டைரீனுக்காகச் செய்த டையில் பாலிபுரொப்பிலீனை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியைக் குறை சொல்வதில் பயனில்லை. பொருளை மாற்றினால் வெட்டுக் கருவியின் மைய இடைவெளிகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

வெட்டும் நிலையம் விரலையும் விட்டுவைக்காது. நிறுத்தப் பொத்தானை அழுத்துவது இயந்திரத்தைப் பாதுகாப்பாக நிறுத்தியதாக ஆகாது. முதன்மை மின்சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள் தொங்க வேண்டும். அழுத்தக் காற்றின் வால்வை மூடினால் மட்டும் போதாது. குழாயிலும் சிலிண்டரிலும் அடைபட்டிருக்கும் காற்றை வெளியேற்றி, அழுத்தமானி பூச்சியத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேலேயிருந்து இறங்கும் பஞ்ச் தட்டு உள்ள இயந்திரமானால், காற்று போனதும் அது தன் எடையால் கீழே இறங்கக்கூடும். அதற்கென்று தரப்பட்டிருக்கும் எஃகுத் தாங்கியைச் செருகிவிட்டே கையை உள்ளே விட வேண்டும்.

எதிர்பாராமல் இயந்திரம் இயங்கத் தொடங்குவதைத் தடுப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 14118 என்ற தரநிலை இருக்கிறது. பொதியிடும் இயந்திரங்களின் பாதுகாப்புக்கு இஎன் 415 வரிசை இருக்கிறது. இயந்திரம் வாங்கும்போது அது எவற்றுக்கு உட்பட்டுச் செய்யப்பட்டது என்ற சான்றைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஓடும் இயந்திரத்தில் மூடியின் சென்சாரைக் காந்தம் வைத்து ஏமாற்றிவிட்டு வெட்டைப் பார்க்கும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை அன்றே நிறுத்த வேண்டும்.

கழற்றிய பஞ்சைத் தூக்கும்போது வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம். கருவி கனமாக இருந்தால் அதற்குரிய தள்ளுவண்டியில்தான் நகர்த்த வேண்டும். கையில் தாங்கித் தூக்கும்போது விளிம்பு எதிலாவது இடித்தால், விரல் தப்பினாலும் கத்தி தப்பாது.

வெட்டு சரியான இடத்தில் விழச் செய்தல்

கப்பின் மேல்விளிம்பில் மூடித்தாள் ஒட்டும் பகுதியைச் சீல் பட்டை என்கிறோம். வெட்டு அதற்கு வெளியே, ஆனால் அதை ஒட்டி, நான்கு பக்கமும் ஒரே அளவு தள்ளி விழ வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகத் தள்ளினால் எதிர்ப்பக்கம் சீலுக்குள் புகும். சீலுக்குள் புகுந்த கப் அப்போது கசியாவிட்டாலும், அட்டைப்பெட்டியில் அடுக்கி நகர்த்தும்போது கசியும்.

முதலில் ஒரு முழு அடியில் வெட்டப்பட்ட கப்புகள் அனைத்தையும் அவற்றின் இடம் மாறாமல் ஒரு தட்டில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் குறுக்கு வரிசை எண்ணையும் நெடுக்கு வரிசை எண்ணையும் மையால் எழுதிக்கொண்டு, வெட்டுவிளிம்பிலிருந்து சீல் பட்டை வரையுள்ள தூரத்தை நான்கு பக்கமும் வெர்னியர் அளவி கொண்டு அளக்க வேண்டும். எல்லாக் கப்புகளிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகல் தெரிந்தால், வெட்டும் நிலையத்தை முழுதாக நகர்த்தினால் போதும். பெரும்பாலான இயந்திரங்களில் இதற்கென்று ஒரு திருகுக் கைப்பிடி இருக்கும். ஓடும் திசையில் முன்வரிசைக் கப்புகள் ஒருபுறமும் பின்வரிசைக் கப்புகள் மறுபுறமும் விலகியிருந்தால், அது சுருக்கத்தின் வேலை. கத்தியை எங்கே நகர்த்தினாலும் தீராது. வடிக்கும் நிலையத்தின் குளிர்நீர் வெப்பத்தையும், ஷீட் சூடாக்கும் தட்டுகளின் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். ஒரு அடியில் சரியாகவும் அடுத்த அடியில் தவறாகவும் விழுந்தால், ஷீட்டின் ஓரங்களைப் பிடித்து இழுக்கும் சங்கிலியில் தளர்வோ, பிடிப்பான்களில் தேய்மானமோ இருக்கிறது என்று பொருள்.

காலையில் சரியாக இருந்த வெட்டு, இயந்திரம் சில மணி நேரம் ஓடியதும் மெல்ல விலகுவது அடிக்கடி கேட்கும் குறை. பாலிஸ்டைரீன் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 70 பங்கு விரிகிறது. வடிக்கும் நிலையத்துக்கும் வெட்டும் நிலையத்துக்கும் நடுவே 3 மீட்டர் ஷீட் இருந்து, அதன் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால், நீளம் சுமார் 2 மி.மீ. மாறும். ஓரங்களைச் சங்கிலி இறுகப் பிடித்திருப்பதால் முழு மாற்றமும் வெட்டில் தெரியாது என்றாலும், ஒரு பகுதி தெரியும். குளிர்ந்த உணவை நிரப்பும் போதும், நிரப்புவதை நிறுத்திவிட்டு வெறும் கப் ஓட்டும் போதும் வெட்டு இடம் மாறுவதற்கு இதுவே காரணம். எனவே இடத்தைச் சரிசெய்யும் வேலையை இயந்திரம் சூடேறி, நிரப்புதலும் நடந்து, நிலைபெற்ற பிறகே செய்ய வேண்டும். தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் செய்த திருத்தத்தை ஒரு மணி நேரத்தில் மறுபடியும் திருத்த நேரும்.

அச்சிட்ட மூடித்தாளாக இருந்தால் அச்சுக்குறியை ஒளிச்சென்சார் படித்து, தாளைச் சிறிது பிரேக் போட்டு இழுத்து, படம் கப்பின் நடுவில் வரச் செய்கிறது. படம் நடுவில் வரவில்லை என்பதற்காக வெட்டை நகர்த்துவது முற்றிலும் தவறு. வெட்டு எப்போதும் கப்பைப் பின்பற்ற வேண்டும். படம்தான் வெட்டைப் பின்பற்றி வர வேண்டும். சென்சார் கண்ணாடியில் உணவுத் துளி படிந்திருந்தாலும் இந்தக் குழப்பம் வரும் என்பதால், முதலில் அதைத் துடைத்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பஞ்சும் டையும்

இடம் சரியாக இருந்தும் விளிம்பு சுத்தமாக இல்லை என்றால் மட்டுமே கருவியைப் பார்க்க வேண்டும். வெட்டப்பட்ட விளிம்பைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ் வைத்தால் இரண்டு பட்டைகள் தெரியும். கத்தி அறுத்த பகுதி வழவழப்பாகப் பளபளக்கும். அதன் கீழே பொருள் தானாகப் பிளந்த பகுதி சொரசொரப்பாக வெளிறிக் காணப்படும். பாலிஸ்டைரீனில் இந்த இரண்டு பட்டைகளும் சுற்றளவு முழுவதும் ஒரே அகலத்தில் இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் பளபளப்பு அகலமாகவும் எதிர்ப்பக்கத்தில் குறுகலாகவும் இருந்தால் பஞ்ச் டையின் நடுவில் இறங்கவில்லை. நான்கு பக்கமும் சொரசொரப்பு மிகுந்து பிசிறும் இருந்தால் இடைவெளி கூடிவிட்டது அல்லது முனை மழுங்கிவிட்டது.

பஞ்சுக்கும் டைக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி மிகச் சிறியது. பிளாஸ்டிக் ஷீட்டுக்கு ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள்தான் பொதுவாக விடப்படுகிறது. சரியான அளவைக் கருவியின் வரைபடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நெருக்கமான இடைவெளியில் வெப்பம் ஒரு பெரிய விஷயமாகிவிடுகிறது. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். பஞ்ச் தட்டும் டை தட்டும் 300 மி.மீ. நீளமுள்ளவை என்றும், ஒன்று மற்றதைவிட 10 டிகிரி சூடாக இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், நீள வேறுபாடு 0.036 மி.மீ. இடைவெளியே 0.03 மி.மீ. என்றால் நிலைமை எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சீல் செய்யும் சூட்டுத் தலை பக்கத்திலேயே இருக்கும் இயந்திரங்களில் ஒரு தட்டு மட்டும் சூடேறி, ஓரப் பஞ்சுகள் டையை உரசத் தொடங்குவது இதனால்தான். சில கருவிகளில் இரண்டு தட்டுகளையும் ஒரே வெப்பத்தில் வைக்க நீர்வழிகள் உண்டு. அவை அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் பராமரிப்பில் பார்க்க வேண்டும்.

நடுவில் அமைப்பதற்கு, கருவியை இயந்திரத்தில் ஏற்றி, வழிகாட்டித் தூண்கள் தடையின்றி நுழைகின்றனவா என்று கையால் மெல்ல இறக்கிப் பார்க்க வேண்டும். பிறகு போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். அதன்பின் மெல்லிய தாளை வைத்து ஒரு அடி மெதுவாக வெட்டிப் பார்க்க வேண்டும். தாள் சுற்றிலும் சீராக அறுபட்டால் ஷீட்டும் சீராக அறுபடும். ஒரு மூலையில் மட்டும் அறுபடாமல் மடங்கினால் அந்த மூலையில் இடைவெளி அதிகம் அல்லது தட்டு சமநிலையில் இல்லை. பஞ்ச் டைக்குள் இறங்கும் ஆழத்தை வெட்டு முழுமையாக நடக்கும் அளவுக்குச் சற்று மேல் வைத்தால் போதும். ஆழமாக இறக்கினால் நன்றாக வெட்டும் என்பது தவறான எண்ணம். பக்கச்சுவர்கள்தான் உரசித் தேயும்.

ஒடித்துப் பிரிக்கும் கோடு

தொகுப்புக் கப்புகளில், வாங்குபவர் கையால் ஒடித்துத் தனிக் கப்பாக எடுக்க ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. இந்த ஒரு கோட்டில்தான் ஆலைக்கு வரும் முறையீடுகள் பல அடங்கியிருக்கின்றன. ஆழம் குறைந்தால் ஒடியாது, ஒடித்தாலும் விரிசல் கப்பின் பக்கம் திரும்பி உணவு வெளியே வரும். ஆழம் கூடினால் பெட்டியில் அடுக்கும்போதே தொகுப்பு பிரிந்துவிடும்.

கோடு கிழிக்கும் கத்தி மூடித்தாளை முழுவதுமாக அறுத்து, அடியிலுள்ள பிளாஸ்டிக்கைப் பாதி மட்டும் அறுக்க வேண்டும். மூடித்தாள் முழுவதும் அறுபடாமல் ஓரிடத்தில் விட்டுப்போனால், ஒடிக்கும்போது பிளாஸ்டிக் பிரிந்தும் தாள் பிரியாமல், பக்கத்துக் கப்பின் மூடியையும் இழுத்துக் கிழித்துவிடும். அலுமினிய மூடித்தாளைவிட, இழுபடும் பிளாஸ்டிக் கலந்த மூடித்தாளில் இது அதிகம் நடக்கும்.

ஆழத்தை அமைக்கும்போது, கோட்டுக்குக் குறுக்கே ஒரு கீற்றை நறுக்கி லென்ஸின் கீழ் வைத்து, மிஞ்சியிருக்கும் தடிமனை அளக்க வேண்டும். 1 மி.மீ. பாலிஸ்டைரீனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மிஞ்சும்படி தொடங்கி, ஒடித்துப் பார்த்துச் சரிசெய்யலாம். திருத்தத்தை 0.05 மி.மீ. அளவில்தான் செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒரே தடவையில் மாற்றினால் இரண்டு பக்கப் பிழைகளுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்க நேரும். ஷீட்டின் தடிமன் சுருளுக்குச் சுருள் மாறும் என்பதால், புதிய சுருள் ஏறியதும் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். சோதிக்கும் கப்புகள் விற்பனைக்குப் போகும் வெப்பநிலையில் இருக்க வேண்டியதும் அவசியம். குளிர்பதன அறையில் வைத்த பாலிஸ்டைரீன் எளிதில் ஒடியும். இயந்திரத்திலிருந்து வெதுவெதுப்பாக வந்தது ஒடிய மறுக்கும்.

நான்கு கப்புகள் சந்திக்கும் இடத்தில் நட்சத்திர வடிவில் ஒரு சிறு துண்டு கொத்தி எடுக்கப்படுகிறது. ஒடித்த பிறகு ஒவ்வொரு கப்பின் மூலையும் வளைவாக இருப்பது இதனால்தான். நட்சத்திரத்தின் முனையும் ஒடிப்புக் கோடும் சந்திக்காமல் அரை மில்லிமீட்டர் விலகினால்கூட, அந்த மூலையில் முள் போன்ற ஒரு கூர்முனை மிஞ்சும். உதட்டில் வைத்துக் குடிக்கும் பொருளானால் அது காயப்படுத்தும். ஒடித்த கப்பின் நான்கு மூலைகளையும் மென்மையான பருத்திப் பஞ்சால் தடவிப் பார்த்தால், இழை சிக்கும் இடம் உடனே தெரியும்.

பாலிபுரொப்பிலீனிலும் பெட்டிலும் பாதி ஆழக் கோடு சரியாக ஒடியாது. அங்கே விட்டு விட்டு வெட்டும் துளைக்கோடுதான் வழி. இணைப்பாக விடும் துண்டுகளின் நீளத்தை மிகச் சிறிதாக வைத்துத் தொடங்கி, தொகுப்பு பெட்டியில் பிரியாமல் தாங்கும் அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும்.

பிரித்தெடுத்தலும் கழிவும்

வெட்டிய கப் டையின் வழியே கீழே இறங்கும் அல்லது உறிஞ்சுகுழல்கள் மேலிருந்து தூக்கிக் கன்வேயரில் வைக்கும். கீழே விழும் அமைப்பில் விழும் உயரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். நிரம்பிய கப் சாய்ந்து விழுந்தால் உணவு மூடியில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சித் தூக்கும் அமைப்பில் ரப்பர் குவளைகள் தேய்ந்தால் ஒன்றிரண்டு கப்புகள் பின்தங்கி அடுத்த அடியில் பஞ்சின் கீழ் மாட்டும். வெட்டும் இடத்தில் கப் எஞ்சியிருப்பதை அறியும் சென்சார் இல்லாத இயந்திரத்தில், அதைப் பொருத்துவதுதான் முதலில் செய்யவேண்டிய செலவு என்பேன். நிரம்பிய ஒரு கப் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே நசுங்கினால் சுத்தம் செய்யவே பெரும் நேரம் போகும், கருவிக்கும் கேடு.

கப்புகள் போனபின் மிஞ்சும் ஷீட் சட்டகம் ஒரு வலை போல வெளியே வருகிறது. இதைச் சுருட்டி எடுக்கலாம் அல்லது வெளியேறும் இடத்திலேயே நறுக்கிவிடலாம். சுருட்டும்போது இழுவிசை சீராக இருக்க வேண்டும். வலை இழுபட்டால் வெட்டும் இடத்திலுள்ள ஷீட்டும் சேர்ந்து நகரும், அது வெட்டு விலகலாகத் தெரியும். கப்புகளுக்கு இடையேயுள்ள கழிவுக் கீற்றை மிகவும் குறுக்கிப் பொருளை மிச்சப்படுத்த நினைத்தால், வலை அடிக்கடி அறுந்து அந்த மிச்சம் நிறுத்த நேரத்தில் கரைந்துவிடும். இந்தக் கழிவில் மூடித்தாளும் ஒட்டியிருப்பதால், தூய பாலிஸ்டைரீன் கழிவோடு இதைக் கலக்கக்கூடாது. தனிப்பெட்டியில்தான் போட வேண்டும்.

துண்டுகளும் உலோகமும்

நட்சத்திரப் பஞ்ச் எடுக்கும் சிறு துண்டுகள் உறிஞ்சுகுழாய் வழியே போக வேண்டும். குழாய் அடைத்தால் அவை கப்பின் மேல் ஒட்டிக்கொண்டோ, டைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகியோ நிற்கும்; இறுகினால் பஞ்சின் முனை உடையவும் கூடும். ஷிஃப்ட் தொடக்கத்தில் உறிஞ்சும் பெட்டியைத் திறந்து துண்டுகள் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கத்தி முனை உடைந்தால், உடைந்த துண்டு கைக்குக் கிடைக்கும்வரை அந்த நேரத்து உற்பத்தியை வெளியே விடக்கூடாது. ஒவ்வொரு கத்திக்கும் எண் பொறித்து, ஏற்றும்போதும் இறக்கும்போதும் முனையைப் பார்த்துப் பதிவு செய்திருந்தால், எந்த நேரத்துக்குப் பின் உடைந்தது என்பதைக் குறுக்கிச் சொல்ல முடியும். பதிவு இல்லையென்றால் நாள் முழுவதும் ஓடியதைத் தடுத்து வைக்க நேரிடும். அலுமினிய மூடித்தாள் உள்ள கப்புக்குச் சாதாரண உலோகங்காட்டி சரிவராது, ஏனெனில் மூடியே உலோகம். அங்கே எக்ஸ்ரே ஆய்வுக் கருவியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது மூடித்தாள் ஏறுவதற்கு முன்பே உலோகச் சோதனையை முடிக்க வேண்டும். ஆனால் முன்பே முடித்தால் வெட்டும் நிலையத்தில் உடையும் கத்தியை அது காணாது என்பதையும் மறக்கக்கூடாது.

சாணை, சுத்தம், மறுதொடக்கம்

பஞ்சுகளும் டைகளும் பொதுவாக டி2 போன்ற கருவி எஃகில், ராக்வெல் சி அளவீட்டில் (எச்ஆர்சி) 58 முதல் 62 வரையான கடினத்தன்மையில் செய்யப்படுகின்றன. சாணை பிடிக்கும்போது குளிர்நீர் போதாமல் எஃகு நிறம் மாறினால் அந்த முனையின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்; அதை மறுபடியும் இயந்திரத்தில் ஏற்றுவது வீண். முகத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரின் எத்தனை நூறில் பங்கு எடுக்கப்பட்டதோ அதே அளவு தகட்டைப் பஞ்சின் அடியில் கொடுத்து உயரத்தை ஈடுசெய்ய வேண்டும். எடுத்த அளவையும், அதுவரை அந்தக் கருவி கண்ட அடிகளின் எண்ணிக்கையையும் கருவியின் அட்டையில் எழுதி வைத்தால், அடுத்த சாணைக்கு எப்போது அனுப்புவது என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.

வழிகாட்டித் தூண்களுக்கு உணவோடு தற்செயலாகப் பட்டாலும் தீங்கில்லை என்று சான்று பெற்ற எச்1 வகை உயவுப்பொருளை மட்டும், அதுவும் துடைத்த பின் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும் அளவுக்குப் பூச வேண்டும். அதிகம் பூசினால் பிளாஸ்டிக் பொடி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். சர்க்கரையும் பாலும் உள்ள உணவு கருவியில் தெறித்துக் காய்ந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகு அல்லாத கருவியின் மேல் அழுத்த நீரைப் பாய்ச்சினால் மறுநாளே துருப் புள்ளிகள் தெரியும்.

கருவி மாற்றிய பிறகு முதலில் வெறும் கப்புகளை மெதுவான வேகத்தில் வெட்டி, இடத்தையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். அடுத்து நீர் நிரப்பிய கப்புகளை முழு வேகத்தில் ஓட்டி, ஒரு முழு அடியின் கப்புகளைத் தலைகீழாகக் கவிழ்த்து உறிஞ்சுதாளின் மேல் வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். தாளில் ஈரம் தெரிந்த கப்பின் குறுக்கு வரிசை எண்ணும் நெடுக்கு வரிசை எண்ணும் எந்தப் பஞ்சைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். இரண்டும் தேறிய பின்னரே உணவை நிரப்ப வேண்டும். உணவு ஓடத் தொடங்கி இயந்திரம் சூடேறியதும், இடத்தை அளக்கும் சோதனையை இன்னொரு முறை செய்து, அந்த அளவுகளை ஷிஃப்ட் பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் வெட்டு விலகியதாகக் கருதினால் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்களைத்தான்.